விமான நிலைய லவுஞ்ச்: இலைக்குக் காசு கொடுப்பது யார்?

பாதுகாப்புச் சோதனை முடிந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தால் லவுஞ்சின், அதாவது விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் அறையின், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வரிசை நிற்கும். ஒரு கையில் போர்டிங் பாஸ், இன்னொரு கையில் கிரெடிட் கார்டு. மேசையில் இருப்பவர் கார்டை வாங்கி மெஷினில் செருகுவார். 2 ரூபாய் போகும். துண்டுச்சீட்டு வந்ததும் "உள்ளே போங்க சார்" என்பார். பல வருடங்களாக இவ்வளவுதான் நடைமுறை.

இப்போது அதே கார்டுக்கு அதே மெஷின் செல்லாது என்கிறது. சில இடங்களில் மெஷினுக்கே வேலையில்லை. "உங்க பேங்க் ஆப்ல க்யூஆர் கோடு வந்திருக்கா பாருங்க" என்கிறார்கள். பின்னால் நிற்பவரின் கார்டு, பார்க்க உங்களுடையது போலவே இருப்பது, சட்டென்று செல்கிறது. சென்னையில் செல்லும் கார்டு டெல்லியில் செல்வதில்லை.

பெரும்பாலும் கார்டில் கோளாறு எதுவும் இல்லை. மாறியிருப்பது கார்டுக்குப் பின்னால் இருக்கும் கொடுக்கல் வாங்கல். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: உள்ளே நீங்கள் சாப்பிடும் இட்லிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

எகானமி பயணிக்கு எப்படிக் கதவு திறந்தது

லவுஞ்ச் என்பது முதலில் விமான நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டப்பட்டவர்களை உட்காரவைத்த அறை. 1939இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் இதற்குத் தொடக்கம். அழைப்பு வந்தவர்கள் மட்டும் போகலாம். பிறகு முதல் வகுப்பு, பிசினஸ் வகுப்பு, அடிக்கடி பறப்பவர் என்று பட்டியல் நீண்டது. எகானமி டிக்கெட்காரர் மட்டும் வெளியே இரும்பு நாற்காலியில்தான்.

இதை உடைத்ததில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. ஒன்று, 1992இல் வந்த பிரயாரிட்டி பாஸ். எந்த நிறுவனத்தின் விமானம், எந்த வகுப்பு என்று பார்க்காமல், சந்தா கட்டியவர் பல ஊர் லவுஞ்சுகளில் நுழையலாம் என்ற ஏற்பாடு அது. இன்னொன்று, 1998இல் ஹாங்காங்கில் தொடங்கிய பிளாசா பிரீமியம். அதை நிறுவியவர் மலேசியாவைச் சேர்ந்த சாங் ஹொய் சீ. வங்கித் துறையில் இருந்தவரை பிசினஸ் வகுப்பில் பறந்தவர். வேலையை விட்டுச் சொந்தத் தொழில் என்று இறங்கியதும் எகானமிக்கு வந்தார். லவுஞ்ச் கதவு அவருக்கும் மூடிக்கொண்டது. வெளியே நிற்கும் இத்தனை பேரும் காசு கொடுக்கத் தயாராகத்தானே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, எந்த விமான நிறுவனத்தையும் சேராத, காசு கொடுத்தால் யாரும் நுழையக்கூடிய லவுஞ்சை நடத்த ஆரம்பித்தார்.

இந்தியாவில் நாம் பார்க்கும் லவுஞ்சுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. டெல்லியில் ஏர் இந்தியாவுக்கு இருப்பதுபோல விமான நிறுவனத்தின் சொந்த லவுஞ்ச் இங்கே அபூர்வம். உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோவுக்குச் சொந்த லவுஞ்சே கிடையாது. மற்றவை எல்லாம் ஒப்பந்தக்காரர்கள் நடத்துபவை: டெல்லி, ஹைதராபாத்தில் என்காம், மும்பை போன்ற அதானி விமான நிலையங்களில் அதானி குழுமம், சென்னையிலும் இன்னும் பல ஊர்களிலும் டிராவல் ஃபுட் சர்வீசஸ். பிசினஸ் வகுப்புப் பயணிகளைக்கூட விமான நிறுவனங்கள் பல ஊர்களில் இதே அறைக்குத்தான் அனுப்புகின்றன. நீங்களும் அவரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் உப்புமா எடுக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் பில் போகும் முகவரி வேறு, அவ்வளவுதான்.

இலைக்கு இவ்வளவு

கல்யாண வீட்டில் சமையல் காண்ட்ராக்டர் இலைக்கு இவ்வளவு என்று பேசுவாரே, லவுஞ்ச் கணக்கும் அதே மாதிரிதான். தலைக்கு ஒரு விலை. நீங்கள் ஒரு காபி குடித்துவிட்டு எழுந்தாலும், மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டாலும் விலை ஒன்றே. அந்தக் காசு எந்த வழியாக வருகிறது என்றால்:

1. லவுஞ்ச் நடத்துபவர். விமான நிலையத்துக்கு வாடகையோ வருமானத்தில் பங்கோ கொடுத்து இடம் எடுக்கிறார். உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு யாராவது பணம் தரவேண்டும்.

2. இடைநிலை நிறுவனம். நாடு முழுக்க உள்ள லவுஞ்சுகளோடு ஒருபக்கம், வங்கிகளோடு மறுபக்கம் ஒப்பந்தம் போட்டு நடுவில் நிற்பவர். எந்தக் கார்டுக்கு எத்தனை முறை அனுமதி மிச்சமிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது இவருடைய மென்பொருள்.

3. கார்டு வலையமைப்பு. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே. சில கார்டுகளுக்கு லவுஞ்ச் செலவை வங்கிக்குப் பதிலாக இவர்கள் ஏற்பார்கள், அல்லது பகிர்ந்துகொள்வார்கள்.

4. வங்கி. பெரும்பாலான நேரம் கடைசியில் பில் வந்து சேரும் இடம்.

நீங்கள் கொடுத்த அந்த 2 ரூபாய், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கு மட்டும். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆக, 'இலவச லவுஞ்ச்' என்று விளம்பரத்தில் இருப்பது, உங்கள் சார்பில் வங்கி தலைக்கு எண்ணிக் கட்டும் பணம். கல்யாண வீட்டார் பத்திரிகை வைத்தது முந்நூறு பேருக்கு, வந்து நிற்பது எழுநூறு பேர் என்றால் என்ன ஆகும்? கடந்த சில ஆண்டுகளில் இங்கே நடந்தது அதுதான். ஆண்டுக்கட்டணமே இல்லாத கார்டிலும், சாதாரண டெபிட் கார்டிலும் லவுஞ்ச் வசதியை அள்ளிக் கொடுத்தார்கள். இதற்காகவே கார்டு வாங்கும் கூட்டம் உருவானது. வரிசை கண்ணாடிக் கதவைத் தாண்டி நடைபாதைக்கு வந்தது.

நடுவில் இருந்தவர் போனார்

2024, 2025 ஆண்டுகளின் குழப்பத்துக்கு மையம் இரண்டாம் எண்ணில் சொன்ன இடைநிலை நிறுவனம். இந்தியாவில் அந்த இடத்தில் நீண்டகாலம் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான் இருந்தது: ட்ரீம்ஃபோக்ஸ். இந்தியக் கார்டுகளை வைத்து உள்நாட்டு லவுஞ்சுகளில் நுழைவதில் 95 சதவீதத்துக்கு மேல் தன் வழியாகத்தான் நடக்கிறது என்று 2022இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது தன் ஆவணத்திலேயே அது எழுதியிருந்தது.

ஒரே குழாய் வழியாக ஊருக்கே தண்ணீர் போனால், அது அடைத்த நாளில் ஊருக்கே தண்ணீர் இருக்காது. 2024 செப்டம்பர் பிற்பாதியில் பல விமான நிலையங்களில் சேவை திடீரெனத் தடைப்பட்டு, கார்டை நீட்டியவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதன்பிறகு லவுஞ்ச் நடத்துபவர்கள் யோசித்த கணக்கு எளிது: இடத்தை நாம் வைத்திருக்கிறோம், பணத்தை வங்கி வைத்திருக்கிறது, நடுவில் இன்னொருவர் எதற்கு? 2025இல் நேரடி ஒப்பந்தங்கள் பெருகின. பெரிய லவுஞ்ச் நிறுவனங்களும் வங்கிகளும் ஒவ்வொன்றாக விலக, 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திக்கொள்வதாக ட்ரீம்ஃபோக்ஸ் அறிவித்தது.

பயணிக்கு இதன் விளைவு: முன்பு எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல், ஒரே மெஷின். இப்போது எந்த வங்கி எந்த லவுஞ்சோடு, யார் வழியாக ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரு வங்கி கார்டைத் தேய்க்கச் சொல்கிறது, இன்னொன்று வவுச்சர் அனுப்புகிறது, மூன்றாவது ஆப்பில் க்யூஆர் கோடு உருவாக்கச் சொல்கிறது. பழைய பட்டியலை நம்பிப் போகிறவர்தான் வாசலில் மாட்டுகிறார். பயணத்துக்கு முந்தைய நாள், வங்கியின் சொந்த இணையதளத்தில், போகும் விமான நிலையத்தின் பெயரையும் முனையத்தையும் வைத்துப் பார்த்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

75,000 ரூபாய் எங்கிருந்து வந்தது?

இடைநிலைக் குழப்பம் ஒருபக்கம் இருக்க, செலவைக் குறைக்க வங்கிகள் கையில் எடுத்தது செலவு நிபந்தனை. எச்டிஎஃப்சி தன் ரெகாலியா கார்டுக்கு, காலாண்டில் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால்தான் லவுஞ்ச் என்று 2023 டிசம்பர் முதல் கொண்டுவந்தது. ஆக்சிஸ் 2024 மே முதல் பல கார்டுகளுக்கு முந்தைய மூன்று மாதத்தில் 50,000 ரூபாய் என்றது. ஐசிஐசிஐ 2024 ஏப்ரலில் 35,000 என்று ஆரம்பித்து, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 75,000 ஆக்கியது.

ஏன் 75,000? வங்கி காரணம் சொல்லாது. ஆனால் ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீங்கள் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி கார்டு கொடுத்த வங்கிக்கு வரும். அதை ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லவுஞ்சுக்கு வங்கி தலைக்கு ஆயிரம் ரூபாய் கட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

35,000 ரூபாய் செலவில் வங்கிக்கு வருவது 525 ரூபாய். நீங்கள் ஒருமுறை லவுஞ்சுக்குப் போனாலே வங்கிக்குக் கைப்பிடித்தம். 75,000 ரூபாய் செலவில் வருவது 1,125. ஒருமுறை போனால் கணக்கு சரியாகிவிடும். இதற்குள்தான் ரிவார்டு பாயிண்டும் அடக்கம் என்பதால் அப்போதும் வங்கிக்குப் பெரிதாக மிஞ்சாது. அளவுகள் வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் கோடு ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்பது இதில் தெரியும்.

ரூபே டெபிட் கார்டில் இந்த வரவுகூடக் கிடையாது. அதைத் தேய்த்தால் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக்கூடாது என்பது 2020 ஜனவரி முதல் விதி. வரவே இல்லாத இடத்தில் லவுஞ்ச் முழுக்கச் செலவுதான். அதனால் டெபிட் கார்டு லவுஞ்ச் வசதியில் அடிக்கடி கத்தி விழுவதைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

விதிமுறையில் சறுக்கும் இடங்கள்

கார்டின் விதிமுறையை முழுதாக யாரும் படிப்பதில்லை. படிக்கவேண்டியது நாலைந்து வரிதான்.

1. 'முந்தைய காலாண்டு' என்பதன் பொருள். பல வங்கிகளில் இது நாள்காட்டிக் காலாண்டு. ஏப்ரல், மே, ஜூனில் செலவழித்தால் ஜூலை முதல் செப்டம்பர் வரை லவுஞ்ச். ஜூலையில் நகை வாங்கி 2 லட்சம் தேய்த்துவிட்டு ஆகஸ்டில் போய் நின்றால் பயனில்லை. அது அக்டோபருக்குத்தான் உதவும். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது போன்றவற்றைப் பல கார்டுகள் கணக்கில் சேர்ப்பதில்லை.

2. 'உள்நாட்டு லவுஞ்ச்' என்றால் உள்நாட்டு முனையத்தில் இருக்கும் லவுஞ்ச். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர் குடியேற்றச் சோதனை தாண்டியபிறகு இருப்பது பன்னாட்டு முனையத்தில். உள்நாட்டு அனுமதி மட்டும் உள்ள கார்டை அங்கே நீட்டினால் செல்லாது. டிக்கெட் இந்தியாவில் வாங்கியது, ஏறுவது இந்தியாவில் என்றெல்லாம் வாதாடிப் பயனில்லை.

3. அனுமதி கார்டுக்காரருக்கு மட்டும். கணவன், மனைவி, பத்து வயது மகள், ஒன்றரை வயதுக் குழந்தை என்று ஒரு குடும்பம் ஒரே கார்டோடு வந்தால், சாதாரணமாகக் கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மனைவிக்கு முழுக் கட்டணம். மகளுக்கு லவுஞ்சைப் பொறுத்துப் பாதியோ முழுதோ. இலவசம் என்று நினைத்து வந்தவர் இரண்டாயிரத்தை நெருங்கும் பில்லைப் பார்த்து மேசையிலேயே குடும்ப ஆலோசனை நடத்துவது அன்றாடக் காட்சி.

4. வங்கி தரும் பிரயாரிட்டி பாஸ். இதுதான் மிகப் பெரிய கண்ணி. பல இந்திய கார்டுகளோடு வரும் பிரயாரிட்டி பாஸில் இலவசம் என்பது இந்தியாவுக்கு வெளியே மட்டும். அதையே இந்தியாவில் காட்டினால் கதவு திறக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மாதக் கடைசியில் டாலர் கணக்கில் கட்டணமும் அதன்மேல் வரியும் பில்லில் வந்து நிற்கும். இந்தியாவில் கிரெடிட் கார்டையே நீட்டுங்கள். பிரயாரிட்டி பாஸை வெளிநாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. நேரம். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மணி நேரம். எட்டு மணி நேர இடைவெளியை லவுஞ்சில் கழிக்கும் திட்டம் முதல் மூன்று மணியிலேயே முடிந்துவிடும்.

கார்டு இல்லாமல்

அடிக்கடி பறப்பவர்களுக்கான தகுதி ஒரு வழி. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு தகுதி இருந்தால், எகானமி டிக்கெட்டிலும் லவுஞ்ச் உண்டு. கூட ஒரு விருந்தாளியையும் அழைத்துப் போகலாம். ஏர் இந்தியா 2014 ஜூலை முதல் அந்தக் கூட்டணியில் இருக்கிறது. ஒன்வேர்ல்டு கூட்டணியில் சஃபையர், எமரால்டு தகுதிகளுக்கு இதே உரிமை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே முதல் அதில் உறுப்பினர்.

இங்கே பார்க்கவேண்டியது விமானத்தை யார் ஓட்டுகிறார் என்பது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தைக்கும். அந்தத் தடத்தில் பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், பெயரில் ஏர் இந்தியா இருந்தாலும், ஸ்டார் அலையன்ஸில் இல்லை. ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளைதான் என்றாலும், அதுவும் இல்லை. கோல்டு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூட் டிக்கெட்டில் போனால், அந்தக் கார்டுக்கு அன்றைக்கு மதிப்பில்லை.

இன்னொரு வழி, நேரே காசு கொடுத்துப் போவது. இந்திய லவுஞ்சுகளில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாகக் கிடைப்பது அரிது, ஜிஎஸ்டி தனி. வாசலில் கேட்பதைவிட முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் சில இடங்களில் குறையும். நள்ளிரவு விமானம், வயதானவர்கள் கூட இருக்கிறார்கள், குளிக்கவேண்டும் என்றால் கொடுக்கலாம். காலை ஒன்பது மணிக்கு ஒரு காபிக்காகக் கொடுப்பது என் பார்வையில் வீண். சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரி 27 அன்று திறந்த உடான் யாத்ரி கஃபேயில் டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20 என்று விலை வைத்தார்கள். லவுஞ்ச் வரிசையில் நிற்கும் நேரத்தில் சமோசாவே சாப்பிட்டு முடித்துவிடலாம்.

லிங்க் வந்தால் தொடாதீர்கள்

மெஷினில் தேய்த்த காலத்தில் இல்லாத ஓர் ஆபத்து, வவுச்சரும் க்யூஆரும் வந்தபின் சேர்ந்துகொண்டது. 2024 செப்டம்பர் இறுதியில் பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு பெண் பயணி, லவுஞ்சுக்காக என்று நம்பி 'லவுஞ்ச் பாஸ்' என்ற போலி ஆப்பைப் போனில் ஏற்றினார். அந்த ஆப் அவர் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருடியது. ஓடிபி அந்த வழியாகத்தான் வரும். கார்டிலிருந்து 87,000 ரூபாய்க்கு மேல் போனது. உண்மையான லவுஞ்ச் அனுமதிக்கு வங்கியின் ஆப், கார்டு நிறுவனத்தின் தளம், லவுஞ்ச் நடத்துபவரின் தளம் என்ற மூன்றுக்கு வெளியே எதுவும் தேவைப்படாது. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி ஆப் போடச் சொன்னாலோ, முகத்தைப் படமெடுக்கத் திரையைப் பகிரச் சொன்னாலோ, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விமானம் தாமதமானால் லவுஞ்ச் கேட்கலாமா?

கேட்கலாம், தரவேண்டும் என்று விதி கிடையாது. ஆனால் சாப்பாடு கேட்பதற்கு விதி உண்டு. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, பறக்கும் நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் விமான நிறுவனம் தரவேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணம் என்றால் 3 மணி நேரத் தாமதம். மற்றவற்றுக்கு 4 மணி நேரம். நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. இதற்கு எந்தக் கார்டும் வேண்டாம், எந்தக் காலாண்டுச் செலவும் வேண்டாம். கேட்டில் இருக்கும் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டிக் கேட்டால் போதும். கேட்காதவர்களுக்குத் தானாக வந்து கொடுப்பது எப்போதாவதுதான் நடக்கும்.

இன்னொன்று: தாமதம் என்று சொன்ன விமானம் சில நேரம் சொன்னதைவிட முன்னால் கிளம்பத் தயாராகிவிடும். பல லவுஞ்சுகளுக்குள் அறிவிப்பு எதுவும் கேட்காது; தகவல் திரை ஒரு மூலையில் இருக்கும். இண்டிகோ போன்ற நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடும். லவுஞ்சில் உட்காரும்போது திரை தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள்.